டிரைவரும் ஃபேர்வே வுட்டும்: உங்கள் வீச்சுக்கு ஏற்றதைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

கோல்ஃப் பழகத் தொடங்கியவர் டிரைவர் எனும் நீண்ட மட்டையை முதன்முதலாக வாங்கப் போகிறார் என்றால் சுற்றியிருப்பவர்கள் ஆளுக்கொரு யோசனை சொல்வார்கள். "முகம் ஒன்பது டிகிரி சாய்ந்ததை வாங்கு, தூரம் போகும்" என்பார் ஒருவர். "ஸ்டிஃப் (விறைப்பான) ஷாஃப்ட் (தண்டு) எடு, ரெகுலர் வயதானவர்களுக்கு" என்பார் இன்னொருவர். 3 வுட் (ஒரு ஃபேர்வே வுட்) இல்லாமல் ஆடவே முடியாது என்பார்கள். இந்த ஆண்டு மாடலை வாங்கினால் இருபது கஜம் கூடும் என்பார்கள். எல்லாம் நல்லெண்ணத்தில் சொல்லப்படுபவைதான். ஆனால் தொடக்க நிலையில் இருக்கும் பெரும்பாலானவர்களுக்கு இந்த நான்கு யோசனைகளும் பொருந்துவதில்லை. வாங்கிய மட்டை கைக்கு வராமல் போகும்போது அவர்கள் தங்கள் திறமையைத்தான் சந்தேகிக்கிறார்கள், மட்டையைச் சந்தேகிப்பதில்லை. எனக்கு இது மிகவும் வருத்தம் தரும் விஷயம்.

பந்தும் மட்டையும் மோதும் கணத்தில் என்ன நடக்கிறது என்று புரிந்துகொண்டால், யோசனைகளில் எதை ஏற்பது, எதை விடுவது என்று நாமே முடிவு செய்துவிடலாம். அதற்குப் பெரிய இயற்பியல் எதுவும் தேவையில்லை.

ஒரே குடும்பம், இரண்டு வேலை

டிரைவர்தான் பையிலேயே மிக நீளமான மட்டை. அதன் தலையும் மிகப் பெரியது. விதிகள் அனுமதிக்கும் உச்ச அளவு 460 கன சென்டிமீட்டர். ஃபேர்வே வுட் அதற்கு அடுத்த நிலையில் வருவது. தலை சிறியது, ஷாஃப்ட் சற்றே குட்டை. ஒரு காலத்தில் இரண்டுமே பெர்சிமன் மரத்தால் செய்யப்பட்டன. 1979-இல் கேரி ஆடம்ஸ் தொடங்கிய டெய்லர்மேட் நிறுவனம் எஃகுத் தலையைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. இன்று டைட்டானியமும் எஃகும் கார்பன் இழையும் அந்த இடத்தைப் பிடித்துவிட்டன.

இரண்டுக்கும் உள்ள உண்மையான வேறுபாடு, பந்து எங்கே இருக்கிறது என்பதில்தான் தொடங்குகிறது. டிரைவரால் அடிக்கும்போது பந்து டீ எனும் சிறு முளையின்மேல், தரையைவிட்டு உயரத்தில் இருக்கிறது. வீச்சின் மிகத் தாழ்ந்த புள்ளியைக் கடந்து மட்டை மேலேறத் தொடங்கும்போது பந்தைப் பிடிக்கலாம். ஃபேர்வே வுட்டுக்கு அந்த வசதி பெரும்பாலும் கிடையாது. பந்து புல்லில் கிடக்கிறது. தாழ்ந்த புள்ளியிலோ அதற்குச் சற்று முன்போதான் அதை அடித்தாக வேண்டும்.

பந்தின் விட்டம் சுமார் 43 மில்லிமீட்டர். தரையில் கிடக்கும் பந்தின் நடுப்புள்ளி, தரையிலிருந்து 21 மில்லிமீட்டர் உயரத்தில்தான் இருக்கும். தலை உயரமாக, எடை மேலே இருந்தால் அந்தப் பந்தை எழுப்புவது கடினம். ஃபேர்வே வுட்டின் தலை தட்டையாக, எடை அடிப்பகுதியில் குவிந்திருப்பது இதனால்தான். டிரைவரைத் தரையிலிருந்து அடிக்க முயன்றவர்களுக்கு இந்த வேறுபாடு உடனே விளங்கும்.

லாஃப்ட்: மிக அதிகமாகத் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவது

மட்டையின் முகம் பின்னோக்கிச் சாய்ந்திருக்கும் கோணமே லாஃப்ட். டிரைவர்கள் பொதுவாக 8 முதல் 12 டிகிரிக்குள் வருகின்றன. 3 வுட் 15 டிகிரி, 5 வுட் 18, 7 வுட் 21, 9 வுட் 24 என்பது பொதுவான கணக்கு. நிறுவனத்துக்கு நிறுவனம் ஓரிரு டிகிரி மாறும்.

லாஃப்ட் குறைந்தால் தூரம் கூடும் என்ற நம்பிக்கை எப்படிப் பிறந்தது என்பது புரிகிறது. தாழ்வாகப் பறக்கும் பந்து சக்தியோடு போவதுபோலத் தெரிகிறது. தொலைக்காட்சியில் வரும் வீரர்களும் 9 டிகிரி வைத்திருக்கிறார்கள். ஆனால் பந்து கல்லைப்போலப் பறப்பதில்லை. அது பின்னோக்கிச் சுழன்றுகொண்டே போகிறது. அந்தப் பின்சுழற்சி, பந்தைச் சுற்றி ஓடும் காற்றைக் கீழே திருப்புகிறது. பதிலுக்குக் காற்று பந்தை மேலே தூக்குகிறது. பந்தின் மேலுள்ள குழிகள் இதற்குத் துணைசெய்கின்றன. வேகமாகச் செல்லும் பந்துக்கு இந்தத் தூக்குவிசை நிறையக் கிடைக்கும். எனவே தாழ்வாகப் புறப்பட்டாலும் அது ஏறிக்கொண்டே போகும். மெதுவாகச் செல்லும் பந்துக்குத் தூக்குவிசை குறைவு. அது புறப்படும்போதே உயரமான கோணத்தில் புறப்பட வேண்டும். இல்லாவிட்டால் தூரத்தை எட்டுமுன்பே விழுந்துவிடும்.

எண்களைப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். டிராக்மேன் என்ற ரேடார் கருவியின் அளவுகளின்படி, அமெரிக்கத் தொழில்முறைத் தொடரான பிஜிஏ டூரின் ஆண்கள் டிரைவரை வீசும் சராசரி வேகம் மணிக்குச் சுமார் 113 மைல். பந்து புறப்படும் கோணம் சுமார் 11 டிகிரி. பெண்கள் தொடரான எல்பிஜிஏ டூரில் ஆடுபவர்களின் வேகம் சுமார் 94 மைல். புறப்படும் கோணம் 13 டிகிரிக்குச் சற்று மேல். பந்து காற்றிலேயே கடக்கும் தூரம் ஆண்களுக்குச் சுமார் 275 கஜம், பெண்களுக்குச் சுமார் 218 கஜம். இன்னொரு வேறுபாடும் உண்டு: அந்தப் பெண்கள் சராசரியாக 3 டிகிரி மேல்நோக்கி அடிக்கிறார்கள்; ஆண்கள் ஒரு டிகிரி அளவு கீழ்நோக்கி அடிக்கிறார்கள். மேல்நோக்கி அடிப்பது, குறைந்த வேகத்திலிருந்து அதிகத் தூரத்தைக் கறந்தெடுக்கும் முறை.

பொழுதுபோக்காக ஆடும் ஆணின் சராசரி வீச்சு வேகம் ஏறத்தாழ 93 மைல். எல்பிஜிஏ வீராங்கனையின் வேகமும் கிட்டத்தட்ட அதுவே! ஆனால் அந்த ஆண் பார்த்துப் பின்பற்றுவதோ 113 மைல் வேகத்தில் வீசுபவரின் மட்டையை. மட்டை வாங்குமுன் எல்பிஜிஏ போட்டி ஒன்றை ஒரு மணி நேரம் கவனித்துப் பாருங்கள். அந்தப் பைகளில் இருப்பவைதான் நம் வேகத்துக்கு நெருக்கமான மட்டைகள்.

ஆகவே 95 மைலுக்குக் கீழே வீசுபவர்கள் 10.5 டிகிரியிலிருந்து தொடங்குவது நல்லது. 85 மைலுக்குக் கீழே என்றால் 12 டிகிரியைத் தயங்காமல் எடுக்கலாம். விதிவிலக்கு ஒன்று உண்டு. பந்தின்மேல் செங்குத்தாக இறங்கி அடிப்பவருக்கு லாஃப்ட் கூடினால் பின்சுழற்சி மிகையாகி, பந்து மேலே எழும்பி அப்படியே கீழே விழும். அவர் முதலில் மாற்ற வேண்டியது டீயின் உயரத்தையும் பந்து வைக்கும் இடத்தையும்.

கடல்மட்டத்திலிருந்து 2,000 மீட்டருக்கு மேலே உள்ள ஊட்டியிலும் கொடைக்கானலிலும் காற்றின் அடர்த்தி குறைவு. பந்துக்குத் தடையும் குறைவு, தூக்குவிசையும் குறைவு. தூரம் கூடும், வளைவு குறையும். மலைமேல் அடித்த அடியை நம்பி, கடலோரச் சென்னையில் ஆடுவதற்கான மட்டையைத் தேர்ந்தெடுக்க வேண்டாம்.

ஸ்லைஸுக்கும் லாஃப்டுக்கும் என்ன தொடர்பு?

வலக்கையாளர் அடித்த பந்து வலப்புறமாக வளைந்து ஓடினால் அது ஸ்லைஸ். தொடக்க நிலையில் இருப்பவர்களில் பெரும்பாலோரின் தலைவலி இதுதான்.

மோதும் கணத்தில் மட்டையின் முகம் எந்தப் பக்கம் பார்க்கிறதோ, பெரும்பாலும் அந்தப் பக்கம்தான் பந்து புறப்படுகிறது. பிறகு வளைவது ஏன்? முகம் பார்க்கும் திசையும் மட்டை பயணிக்கும் திசையும் வெவ்வேறாக இருப்பதால் பந்தின் சுழல் அச்சு சாய்ந்துவிடுகிறது. பந்துக்குப் பின்சுழற்சி ஒன்று, பக்கச்சுழற்சி ஒன்று எனத் தனித்தனியாக இரண்டு இல்லை. ஒரே சுழற்சிதான், அதன் அச்சு எவ்வளவு சாய்கிறதோ அவ்வளவு வளைவு.

லாஃப்ட் கூடும்போது பின்சுழற்சி கூடுகிறது. அதே அளவு பிழைக்கு அச்சு குறைவாகவே சாய்கிறது. டிரைவரில் வலப்பக்கக் காட்டுக்குள் போகும் அதே வீச்சு, 5 வுட்டில் புல்வெளியின் ஓரத்தோடு நின்றுவிடுவதன் காரணம் இதுதான். 9 டிகிரி டிரைவரை 12 டிகிரியாக மாற்றினால் பலருக்குத் தூரமும் நேர்த்தியும் சேர்ந்தே கூடுவதும் இதனால்தான்.

இன்றைய டிரைவர்கள் பலவற்றில் தலையும் ஷாஃப்டும் சேரும் இடத்தைத் திருகி லாஃப்டை மாற்றலாம். அப்படிக் கூட்டும்போது முகம் சற்று இடப்புறம் மூடிக்கொள்ளும், குறைக்கும்போது வலப்புறம் திறந்துகொள்ளும். ஸ்லைஸ் அடிப்பவர் 10.5-ஐ 9-ஆகத் திருகினால் தன் நோயைத் தானே வளர்க்கிறார். குதிகால் பக்கம், அதாவது ஷாஃப்டை ஒட்டிய பக்கம் எடை வைத்த மாடல்களும் உண்டு. அவை வளைவைக் கொஞ்சம் குறைக்கும். தவறான வீச்சைத் திருத்தும் வேலையை அவற்றிடம் எதிர்பார்க்கக் கூடாது.

இதுவரை பார்த்தது இவ்வளவுதான்: மெதுவான வீச்சுக்கு உயரமான புறப்பாடு வேண்டும், அதை லாஃப்ட் தருகிறது. அதே லாஃப்ட் பந்தின் வளைவையும் அடக்குகிறது. எனவே ஐயமிருந்தால் லாஃப்ட் கூடிய மட்டையை எடுங்கள்.

நடுவில் படாத அடிகள்

கழைக்கூத்தாடி கயிற்றின்மேல் நடக்கும்போது கையில் நீண்ட கம்பை ஏந்துகிறார். எடை இரு முனைகளுக்கும் பரவியிருப்பதால் அந்தக் கம்பை எளிதில் திருப்ப முடியாது. அது அவரைச் சாயவிடாமல் காக்கிறது. அதே எடையைக் குட்டையாகத் திரட்டி நடுவில் பிடித்திருந்தால் பயனில்லை.

டிரைவரின் பெரிய தலைக்குள் நடப்பதும் இதுவே. எடையைத் தலையின் விளிம்புகளுக்குத் தள்ளிவிட்டால், பந்து நடுவில் படாவிட்டாலும் தலை எளிதில் திரும்பாது. திரும்புவதை எதிர்க்கும் இந்தப் பண்புக்கு நிலைமத் திருப்புத்திறன் என்று பெயர். கடைகளில் எம்ஓஐ என்பார்கள். விதிகள் இதற்கு 5,900 கிராம்-சதுர சென்டிமீட்டர் என்ற உச்சவரம்பை வைத்திருக்கின்றன. 2024-இல் வந்த சில மாடல்கள் '10கே' (பத்தாயிரம்) என்று விளம்பரம் செய்தபோது, வரம்பு மீறப்பட்டதோ என்று பலர் குழம்பினார்கள். மீறப்படவில்லை. பக்கவாட்டில் திரும்புவது, மேலும் கீழுமாகத் திரும்புவது ஆகிய இரண்டு அளவுகளையும் கூட்டிச் சொன்ன எண் அது. வரம்பு பக்கவாட்டுக்கு மட்டுமே உரியது.

புது மாடலின் இருபது கஜத்துக்கும் விடை இங்கேயே இருக்கிறது. டிரைவரின் மெல்லிய முகம் மோதும்போது உள்வாங்கித் துள்ளுகிறது. அந்தத் துள்ளலுக்கும் யுஎஸ்ஜிஏ, ஆர் அண்ட் ஏ என்ற இரண்டு விதியமைப்புகளும் வரம்பு வகுத்திருக்கின்றன. நல்ல நிறுவனங்களின் டிரைவர்கள் பல ஆண்டுகளாகவே அந்த வரம்பை ஒட்டித்தான் இருக்கின்றன. நடுவில் பட்ட பந்து, மட்டையின் வேகத்தைப்போல ஏறத்தாழ ஒன்றரை மடங்கு வேகத்தில் போகும். அதற்குமேல் கறக்க வழியில்லை. புதிய மாடல்கள் உண்மையில் தருவது, நடுவைத் தவறிய அடிகளுக்கான மன்னிப்பைத்தான். அது மதிப்புள்ளதுதான். ஆனால் ஐந்தாறு ஆண்டு பழைய, நல்ல நிலையில் உள்ள டிரைவர் ஒன்றைப் பாதி விலையில் வாங்குபவர் பெரிதாக எதையும் இழப்பதில்லை.

பந்து முகத்தின் எந்த இடத்தில் படுகிறது என்பது இதைவிட முக்கியம். முகத்தின் கீழ்ப்பகுதியில் பட்டால் பந்து தாழ்வாகப் புறப்பட்டு அதிகமாகச் சுழலும், தூரம் குறைந்துவிடும். நடுவுக்குச் சற்று மேலே பட்டால் உயரமாகப் புறப்பட்டுக் குறைவாகச் சுழலும். டிரைவரில் விரும்பப்படுவது இதுவே. மட்டையைத் தரையில் வைத்தால் பந்தின் பாதி தலைக்கு மேலே தெரியும்படி டீயை உயர்த்திக் குத்தச் சொல்வது இதற்காகத்தான்.

நீளம்

கடையில் விற்கும் டிரைவர்கள் பெரும்பாலும் 45.5 அங்குலத்தை ஒட்டியவை; சில 46-ஐத் தொடுகின்றன. பொது விதி 48 அங்குலம்வரை அனுமதிக்கிறது. 2022 முதல், உயர்நிலைப் போட்டிகளில் 46 அங்குலத்துக்கு மேல் கூடாது என்று கட்டுப்படுத்திக்கொள்ளவும் இடமுண்டு. நீளம் கூடினால் தலையின் வேகம் கூடும் என்பது உண்மை. ஆனால் நடுவில் படும் வாய்ப்பு குறையும். நடுவில் படாத வேகமான அடியைவிட, நடுவில் பட்ட மிதமான அடி தூரமும் போகும், நேராகவும் போகும். பிடியில் ஓர் அங்குலம் கீழே இறக்கிப் பிடித்துச் சில நாள் ஆடிப் பாருங்கள். செலவில்லாத சோதனை இது. அடி ஒழுங்குபட்டால் அடுத்து வாங்கும் மட்டையைக் குட்டையாக வாங்கலாம்.

ஷாஃப்ட்

பிடியையும் தலையையும் இணைக்கும் தண்டே ஷாஃப்ட். அது எவ்வளவு வளைந்துகொடுக்கும் என்பதே ஃப்ளெக்ஸ். லேடீஸ், சீனியர், ரெகுலர், ஸ்டிஃப், எக்ஸ்ட்ரா ஸ்டிஃப் என்று அச்சிட்டிருப்பார்கள். இவற்றுக்குப் பொதுவான தர அளவு எதுவும் கிடையாது. ஒரு நிறுவனத்தின் ரெகுலர் இன்னொரு நிறுவனத்தின் ஸ்டிஃப் அளவுக்கு விறைப்பாக இருக்கலாம். அந்தப் பெயர்களை வயதோடும் ஆண்மையோடும் முடிச்சுப் போடுவதைப்போன்ற வீண் வேலை வேறில்லை. கவனிக்க வேண்டியது எடை: டிரைவர் ஷாஃப்ட்கள் 40 கிராமிலிருந்து 70 கிராமுக்கு மேலும் வருகின்றன. ஆட்டத்தின் கடைசிப் பகுதியில் தோள் களைத்துப்போனால் இலேசானதை எடுங்கள். மட்டையின் தலை எங்கே இருக்கிறது என்றே உணர முடியாவிட்டால் சற்று எடை கூடியதை எடுங்கள். தொடக்க நிலையில் இதற்குமேல் ஆராயத் தேவையில்லை.

ஃபேர்வே வுட்: எந்த எண்?

இங்கேதான் பணம் அதிகம் வீணாகிறது. டிரைவரோடு சேர்த்து 3 வுட் ஒன்றை வாங்கிவிடுகிறார்கள். 15 டிகிரி லாஃப்ட், 43 அங்குல நீளம், பந்தோ புல்லில். இந்த மூன்றும் சேர்ந்தால், தொடக்க ஆட்டக்காரருக்குப் பையிலேயே மிகக் கடினமான மட்டை அதுதான். பந்து எழாது என்ற அச்சத்தில் அதை அள்ளித் தூக்க முயல்கிறார்கள். உடல் எடை பின்காலிலேயே தங்கிவிடுகிறது; மட்டை தரையை முதலில் தொடுகிறது அல்லது பந்தின் தலையைச் சீவுகிறது.

5 வுட்டில் லாஃப்ட் மூன்று டிகிரி கூடுதல், ஷாஃப்ட் சுமார் அரை அங்குலம் குட்டை. இந்தச் சிறு மாற்றம் போதும். பந்து எழுகிறது, எழுவதைப் பார்த்து மனத்தின் இறுக்கம் தளர்கிறது, வீச்சு இயல்பாகிறது. மிதமான வேகத்தில் வீசும் பலருக்குத் தரையிலிருந்து 3 வுட்டும் 5 வுட்டும் காற்றில் கடக்கும் தூரம் ஒன்றாகவே இருக்கும். சிலருக்கு 5 வுட்டே கூடுதலாகப் போகும். டிரைவர் பகுதியில் சொன்ன அதே காரணம்தான்: மெதுவான பந்துக்கு உயரமான புறப்பாடு.

3 வுட் வேண்டுமா என்பதற்கு எளிய சோதனை உண்டு. பயிற்சித் திடலில் பத்துப் பந்துகளைப் புல்லில் வைத்து இரண்டு மட்டைகளாலும் அடியுங்கள். மிகச் சிறந்த அடியைக் கணக்கில் எடுக்காதீர்கள்; பத்தில் நடுத்தரமான அடி எங்கே விழுகிறது என்று பாருங்கள். 3 வுட்டின் நடுத்தர அடி 5 வுட்டைவிடத் தெளிவாக முன்னால் விழாவிட்டால் அந்த மட்டைக்கு இப்போது உங்கள் பையில் இடமில்லை. டீயிலிருந்து மட்டும் அடிக்கத்தான் வேண்டுமென்றால், 16.5 அல்லது 17 டிகிரி கொண்ட 4 வுட் நல்ல இடைவழி.

7 வுட்டைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். முதியவர்களின் மட்டை என்று அதை ஒதுக்குபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 2020 மாஸ்டர்ஸ் போட்டியை 20 அண்டர் (நிர்ணயித்த அடிகளைவிட 20 குறைவு) என்ற சாதனை எண்ணிக்கையோடு டஸ்டின் ஜான்சன் வென்றபோது அவர் பையில் 7 வுட் இருந்தது. உலகின் மிக வலுவான வீச்சுக்காரர்களில் ஒருவர் அவர். நீண்ட அயர்ன்களை (மெல்லிய இரும்புத் தலை மட்டைகளை) விட உயரமாகப் போய், கிரீனில் (குழியைச் சுற்றியுள்ள குட்டைப் புல்தரையில்) விழுந்த இடத்துக்கு அருகிலேயே நிற்கும் பந்து அவருக்கே தேவைப்பட்டது என்றால் நமக்கு எவ்வளவு தேவைப்படும்!

புல் அடர்ந்த இடத்தில் பந்து புதைந்து கிடந்தால் ஃபேர்வே வுட்டின் அகலமான அடிப்பகுதி தடுமாறும். அங்கே ஹைபிரிட் கைகொடுக்கும்: அயர்னின் நீளமும் வுட்டின் சாயலும் கொண்ட சிறுதலை மட்டை அது. உங்கள் திடலின் ஓரப் புல் முரடானதென்றால் 7 வுட்டுக்குப் பதில் 4 ஹைபிரிட் எடுப்பதே நல்லது.

சுருக்கமாக: எண் கூடக்கூட லாஃப்ட் கூடும், நீளம் குறையும், அடிப்பது எளிதாகும். தரையிலிருந்து எழுப்ப முடிகிற மட்டையே உங்களுக்கான ஃபேர்வே வுட்.

டிரைவர் எப்போதும் தேவையா?

விதி 14 மட்டைகளை அனுமதிக்கிறது; டிரைவர் அவற்றில் ஒன்றாக இருக்க வேண்டும் என்று எந்த விதியும் சொல்லவில்லை. 2006 ஓப்பன் போட்டி ஹோய்லேக் திடலில், வறண்டு இறுகிய தரையில் நடந்தது. நான்கு நாள் ஆட்டத்திலும் டைகர் வுட்ஸ் டிரைவரைத் தொட்டது ஒரே ஒரு முறை. கோப்பை அவருக்கே. 2013-இல் மியூர்ஃபீல்டில் நடந்த ஓப்பனில் ஃபில் மிக்கெல்சன் டிரைவரைப் பையிலேயே வைக்காமல், லாஃப்ட் குறைந்த 3 வுட்டோடு வென்றார்.

அவர்கள் நிலை வேறு, நம் நிலை வேறு என்பது சரிதான். இறுகிய தரையில் பந்து உருண்டே பல கஜம் போகும். மழைக்காலத்தில் ஊறிய தரையில் உருளாது, காற்றில் கடக்கும் தூரம்தான் கணக்கு. ஆனால் இருபுறமும் மரங்கள் நெருங்கிய குறுகிய பாதையில் 5 வுட்டால் தொடங்குவதற்கு யாரும் வெட்கப்பட வேண்டியதில்லை. அப்போது டீயைத் தாழ்த்தி, பந்து புல்லுக்குச் சற்றே மேலே இருக்கும்படி வையுங்கள். டிரைவருக்கு வைக்கும் உயரத்தில் வைத்தால் மட்டை பந்துக்கு அடியில் புகுந்துவிடும்.

கடைக்குப் போகுமுன்

பந்தின் பின்புறத்தில் வெள்ளைப் பலகை மார்க்கரால் ஒரு புள்ளி வைத்து அடித்தால் அந்த மை முகத்தில் ஒட்டும். இப்படிச் சில பந்துகளை அடித்துப் பார்த்தால், நீங்கள் முகத்தின் எந்த இடத்தில் அடிக்கிறீர்கள் என்பது தெரிந்துவிடும். புள்ளிகள் முகமெங்கும் சிதறியிருந்தால் குட்டையான, எம்ஓஐ கூடிய டிரைவர் வேண்டும். ஒரே இடத்தில் குவிந்து, அந்த இடம் நடுவாக இல்லாவிட்டால் நிற்கும் தொலைவையோ டீயின் உயரத்தையோ மாற்றினாலே போதும், பணம் மிச்சம்.

ரேடார் கருவி உள்ள கடையில் மட்டையைச் சோதித்தால் மூன்று எண்களைக் கேளுங்கள்: பந்து புறப்படும் கோணம், காற்றில் கடந்த தூரம், இடமும் வலமுமாகச் சிதறிய அகலம். ஆகத் தொலைவில் விழுந்த ஒற்றை அடியைக் காட்டி விற்பார்கள். அதில் மயங்க வேண்டாம். முடிந்தால் நீங்கள் ஆடும் பந்தையே கொண்டுபோங்கள். பயிற்சித் திடல்களின் தேய்ந்த பந்துகள் உண்மையான தூரத்தைக் காட்டுவதில்லை.

வாங்கும் வரிசையைப் பற்றி என் கருத்து உறுதியானது. முதலில் 5 வுட். டீயிலிருந்தும் தரையிலிருந்தும் அதை நம்பி அடிக்க முடிந்த பிறகு டிரைவர், 10.5 அல்லது 12 டிகிரி, லாஃப்டை மாற்றக்கூடிய வகையாக இருந்தால் நல்லது. அதற்குப் பிறகு 7 வுட் அல்லது ஹைபிரிட். 3 வுட்டைக் கடைசிக்குத் தள்ளிவையுங்கள். பழைய மட்டை வாங்குவதானால் முகத்தில் விரிசலோ குழிவோ இருக்கிறதா, தலையை இலேசாக ஆட்டினால் உள்ளே ஏதேனும் உருளும் ஒலி கேட்கிறதா, ஷாஃப்ட் தலையோடு சேரும் இடத்தில் வெடிப்பு உண்டா என்று பார்த்துக்கொள்ளுங்கள். போலி மட்டைகள் நிறையப் புழங்குவதால், நம்ப முடியாத அளவுக்கு மலிவாகக் கிடைத்தால் விலகிவிடுங்கள். பிடி தேய்ந்திருப்பதைப் பொருட்படுத்த வேண்டாம். அதைக் குறைந்த செலவில் மாற்றிக்கொள்ளலாம்.